பள்ளத்தில் சந்தித்த சாலை

விடியும்போதே ரொட்டிக்காரி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். செங்கல் அடுக்கி மண் பூசி எழுப்பிய அடுப்பு, கவிழ்த்த பானை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரலாம். கட்டி, காயவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டிப் பழக்கி, இன்றைக்குத்தான் முழு விறகு. வெடிப்பு விட்டுவிடுமோ என்று நொடிக்கொரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முதலில் வெதுவெதுப்பு. பிறகு சூடு. பிறகு கையே வைக்க முடியவில்லை. வெடிக்கவில்லை. தனியாக நின்று சிரித்தாள்.

வாசலுக்கு வெளியே ஒரே கூச்சல். வடக்கேயிருந்து வடக்கூர்க்காரர்கள், தெற்கேயிருந்து தெற்கூர்க்காரர்கள். இரண்டு கூட்டமும் சாலை போட்டுக்கொண்டே நெருங்கி வந்து, இன்றைக்கு அவள் வாசலில் முட்டிக்கொள்ளப் போகிறது. நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவுதான் மிச்சம்.

போன மழையில் மலைத்தண்ணீர் இறங்கி இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த சாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. அன்றோடு பஸ் நின்றது. மெஷின் வைத்துப் போடுகிறோம் என்று கம்பெனிக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். மெஷினுக்குக் கொடுக்கிற காசை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் சாலையை நாங்களே போடுகிறோம் என்று இரண்டு ஊரும் போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது. சரி என்றார்கள். போட்ட நீளத்துக்குக் கூலி. வாரக் கடைசியில் இன்ஜினியரம்மா வந்து நாடா பிடித்து அளப்பாள். நாளைக் காலையில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். லாரி புதையாமல் போனால் பஸ் வரும், மலை மேல் குடியிருப்புக்குப் போகிற அடுத்த சாலையும் இவர்கள் கைக்கே வரும். புதைந்தால் கம்பெனிக்காரன் மெஷினோடு வருவான்.

வடக்குக் கூட்டத்துக்கு ரொட்டிக்காரியின் வீட்டுக்காரர் தலைமை. கொத்தனார். தெற்குக் கூட்டத்துக்கு அவள் கூடப்பிறந்த தம்பி. தலையில் ஒரு முடி கிடையாது, அதனால் மொட்டை. வீடோ இரண்டுக்கும் நடுவே, பள்ளத்தில், ஓடைப்பக்கமாக. யார் முதலில் பள்ளத்துக்கு வருவது என்று மாமனும் மச்சானும் ஒரு வாரமாக வாயாலேயே பாதிச் சாலையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏ ரொட்டி! உன் வீட்டுக்காரரு என்னைக் கொல்றாரு!" தலையில் சரளைச் சட்டியோடு ஒருத்தி ஓடி வந்தாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கும்போது மட்டும் அணைந்திருக்கும் என்பார்கள். அவள் புருஷன் அதுவும் சந்தேகம் என்பான்.

"என்னவாம்?"

"உன் தம்பி கூட்டம் முந்திடுமாம். மூத்திரம் போறதுக்குக்கூட விட மாட்டேங்கறாரு. சட்டியை இறக்கினா அடுத்த சட்டி. எனக்கென்ன கழுத்து இரும்பா?"

"வாய்க்கு ஓய்வு குடு, கழுத்து தானா லேசாயிடும்."

"பாத்தியா, அக்காளும் தம்பியும் ஒண்ணு!" என்று சொல்லிக்கொண்டே அடுப்பு வாயில் எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா. சுடுகாடு மாதிரி எரியுதே. எத்தனை ரொட்டி போடுவே?"

"ரெண்டு ஊருக்கும். பஸ் வரட்டும், அப்புறம் பாரு. இறங்கறவன் ஒண்ணு, ஏறுறவன் ஒண்ணு வாங்காம போக மாட்டான்."

பஸ் தன் வாசலில் வந்து நின்றதும் டிரைவர் எப்படி மூக்கை உறிஞ்சுவான், கண்டக்டர் எப்படிக் கடன் சொல்லுவான், தான் அவனை எப்படி விரட்டுவாள் என்பதெல்லாம்கூட அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இவ்வளவு நாள் சமையல்கட்டில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு நாலு நாலாகச் சுட்டுப் புகையில் கண் போனதுதான் மிச்சம். இந்த அடுப்பில் ஒரே தடவைக்கு ஒரு கூடை வேகும்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் இரண்டு கூட்டமும் சந்தித்துவிட்டது. யார் முதலில் என்று யாருக்கும் தெரியாது. கடைசிச் சட்டியைக் கொட்டியது நான்தான் என்று ரேடியோ இன்று வரைக்கும் சொல்கிறாள். கல் உருளையைக் கொண்டுவந்தார்கள். இரும்புச் சட்டம் மாட்டிய பெரிய கல். முன்னால் வடக்கூர்க்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, பின்னால் தெற்கூர்க்காரர்கள் தள்ள, "இழு, ஏய்! தள்ளு, ஏய்!" என்று உருளை பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொத்தனார் மச்சானின் மொட்டைத் தலையில் சரளைத் தூசியை அள்ளிப் பூசினார். அவன் மாமனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ரொட்டிக்காரி கையில் மாவோடு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

"தண்ணி அடிங்கப்பா! நனைச்சு ஒரு தடவை உருட்டினா இறுகிக்கும்" என்றார் கொத்தனார்.

இரண்டு பக்கச் சரிவிலும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். கையால் மொண்டு தெளிக்கிறதுதான் வழக்கம். யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் டிரம்மை அப்படியே சாய்த்துவிட்டான். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

அப்புறம் கத்தல் மெல்ல நின்றது.

தெற்குச் சரிவில் கொட்டிய தண்ணீர் முழுக்க ஓடைப்பக்க ஓரத்துக்குப் போய், அங்கிருந்து விளிம்பை ஒட்டியே பள்ளத்துக்கு வந்தது. வடக்குச் சரிவில் கொட்டிய தண்ணீர் மலைப்பக்க ஓரத்துக்குப் போய், அதுவும் பள்ளத்துக்கு வந்து, சாலையின் குறுக்கே கோணலாக வெட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பாய்ந்தது. இரண்டும் ஒன்று கூடி ரொட்டிக்காரியின் அடுப்பு அடியில் வந்து முட்டிக் குளமாக நின்றது. அடுப்பு உஸ்ஸென்றது.

பள்ளத்தில் போட்ட புதுச் சரளை கஞ்சியாக ஊறியது. மொட்டை அதில் காலை வைத்தான். கணுக்கால் வரை போனது.

"இது ரெண்டு டிரம்மு தண்ணிதான்" என்றான் ஒருவன் மெதுவாக. எல்லோரும் மேலே பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக் கட்டியிருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

கொத்தனார் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெற்குச் சரிவைப் பார்த்தார். எழுந்தார். "மச்சான், உன் சாலை ஏன் ஓடைப்பக்கமா சாஞ்சிருக்கு?"

"உங்க சாலை ஏன் மாமா மலைப்பக்கமா சாஞ்சிருக்கு?"

இரண்டு பேருக்கும் காரணம் தெரியும். வடக்கூர்க்காரர்களின் நிலமெல்லாம் ஓடைப்பக்கம். சாலைத் தண்ணீர் தங்கள் வயலுக்குள் இறங்கிவிடக் கூடாது என்று சத்தம் போடாமல் மலைப்பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டார்கள். தெற்கூர்க்காரர்களின் நிலமெல்லாம் மலைப்பக்கம். அவர்கள் சத்தம் போடாமல் ஓடைப்பக்கமாகச் சாய்த்தார்கள். அடுத்த ஊருக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு சட்டி அந்த ஓரத்தில் கூடக் கொட்டியதுதான். பள்ளத்தில் வந்து பார்த்தால் சாலை, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது.

"இன்ஜினியரம்மா என்ன சொல்லிச்சு? மாட்டு முதுகு மாதிரி போடுங்க, நடு உசரமா, ரெண்டு பக்கமும் சரிவான்னு சொல்லிச்சா இல்லையா? மண்டையை மண்டையை ஆட்டினீங்களே!" என்றாள் ரேடியோ. "நீங்க போட்டிருக்கறது படுத்த மாடு. அதுவும் ரெண்டு மாடு, ஆளுக்கு ஒரு பக்கமா!"

"நீயும்தானே கொட்டினே?"

"எங்கே கொட்டுன்னு சொன்னீங்களோ அங்கே கொட்டினேன்!"

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பள்ளத்துக்கு இறங்குகிற இரண்டு சரிவிலும் மேல்சரளையைக் கிளறி எடுத்து, நடுவில் ஏற்றி, திமிசுக்கட்டையால் மறுபடி இடிக்க வேண்டும். அந்த நீளமெல்லாம் ஏற்கெனவே அளந்தாயிற்று, மறுபடி போட்டால் கூலி கிடையாது. அது பரவாயில்லை. யார் முதலில் கிளறுவது என்பதுதான் பெரிய விஷயம். முதலில் கிளறுகிறவன் தப்பு செய்தவன் ஆகிவிடுவான் இல்லையா?

"முதல்ல அவங்க எடுக்கட்டும், அப்புறம் நாங்க எடுக்கறோம்" என்றான் தெற்கூர்க்காரன் ஒருவன்.

"ஏன், நீங்க எடுங்க. எங்க பக்கம் தண்ணி நேராத்தானே போகுது?"

"எங்கே நேராப் போகுது? எங்க அக்கா வீட்டு அடுப்புக்கா?" என்றான் மொட்டை.

அடுப்பின் அடிப்பக்கம் ஈரம் ஏறி ஒரு விரல் உயரத்துக்குக் கறுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ரொட்டிக்காரி திடீரென்று திரும்பினாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? ஆபீஸ் வாசல் வரைக்கும் போய், நாங்களே போடுவோம் நாங்களே போடுவோம்னு மார்தட்டினீங்களே! ஒரு சட்டி சரளையில அவனவன் வயலைக் காப்பாத்திக்கிட்டீங்க. நாளைக்கு லாரி இதே இடத்துல மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும். என்னங்க, உங்களைத்தான்! கொத்தனாராம் கொத்தனார். டேய், நீயும்தாண்டா! ரெண்டு பேரும் சேந்து என் அடுப்புல தண்ணியைக் கொண்டாந்து விட்டுட்டீங்களே!"

கொத்தனார் தரையைப் பார்த்தார். மொட்டை பார்க்கவில்லை. கால் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே கேட்டான்:

"அக்கா, உன் அடுப்பு எங்கே நிக்குது?"

"என் வாசல்ல நிக்குது."

"வாய்க்கால் கோடு எங்கே போட்டிருந்தாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

பள்ளத்தில் சாலைக்கு அடியில் சிமெண்ட் குழாய் புதைத்திருந்தது. மலைப்பக்கத் தண்ணீர் அதன் வழியாக இந்தப் பக்கம் வந்து, ஒரு வாய்க்காலாக ஓடைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்காலுக்கு வேலை ஆரம்பித்த அன்றே சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. ஒரு பக்கம் அவள் வீட்டுச் சுவர், மறு பக்கம் பாறை, நடுவில்தான் வழி. சாலையை ஒட்டி அடுப்புக்கு ஏற்ற இடமும் அது ஒன்றுதான். கோடு மழுங்கின பிறகு ஒரு மத்தியானம் முதல் செங்கல்லை வைத்தாள். வாய்க்காலைக் கடைசியில் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாந்து குழைக்கப் போய்விட்டார்.

"சாலையை எப்படிப் போட்டாலும் தண்ணி போறதுக்கு இந்த ஒரு வழிதான். அதுல நீ அடுப்பைக் கட்டி வெச்சிருக்கே. நாங்க ஆளுக்கு ஒரு சட்டிதான் கொட்டினோம். நீ வாசக்கதவையே சாத்திட்டே" என்றான் தம்பி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கட்டினது உங்க மாமாதான்" என்றாள்.

"நான் எங்கே கட்டினேன்? கட்டச் சொன்னே, கட்டினேன்" என்றார் கொத்தனார்.

"அதையேதாண்ணே நானும் சொன்னேன், எங்கே கொட்டச் சொன்னாங்களோ அங்கே..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மலைப்பக்கம் இடி உறுமியது. ரொட்டிக்காரி கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி உருட்டினாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் இல்லையென்று சொன்னால் யாரும் அடுப்பில் கை வைக்க மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. சொன்னால் என்ன? அடுப்பு நிற்கும். பஸ் இல்லாத சாலையில், மெஷின் போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"கடப்பாரை யார்கிட்ட இருக்கு?" என்றாள்.

யாரோ நீட்டினார்கள். வாங்கி அடுப்பின் மேலேயே சாய்த்து வைத்தாள்.

"மூணு அண்டா மாவு பொங்கி நிக்குது. அதைத் தூக்கிக் குப்பையில கொட்ட முடியாது. கடைசி ரொட்டி வெளியே வர்ற வரைக்கும் இது நிக்கும். அப்புறம் நானே இடிக்கறேன். அதுக்குள்ள ரெண்டு சரிவும் மாட்டு முதுகா நிமிந்திருக்கணும். நிமிரலைன்னா ரொட்டியும் கிடையாது, அடுப்பு மேல எவனும் கை வைக்கவும் கூடாது."

அப்புறம் மொட்டை மண்வெட்டியை எடுத்தான். அதே நேரத்தில் கொத்தனாரும் எடுத்தார். யார் முதலில் என்று அதுவும் யாருக்கும் தெரியாது.

அன்றைய மத்தியானத்தில் நடந்ததை வேலை என்று சொல்வது சரியில்லை. ஏதோ பேய் பிடித்த மாதிரி இருந்தது. கிளறுகிறவன் கிளறினான், அள்ளுகிறவன் அள்ளினான். சும்மாடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் பெண்கள் சட்டியோடு ஓடினார்கள். கொத்தனார் ஊருக்கு ஒருத்தனைக் கூப்பிட்டு நடுவில் ஒரு கயிறு கட்டி, "கயிறு முட்டற வரைக்கும் ஏத்து! ஓரத்துக்குப் போகாதே! உன் வயலை நான் பாத்துக்கறேன், போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வடக்கூர்க்காரர்கள் தெற்குச் சரிவிலும் தெற்கூர்க்காரர்கள் வடக்குச் சரிவிலும் திமிசு போட்டார்கள். அது மொட்டையின் யோசனை. "எதிராளி வீட்டுக் கல்லைத்தான் மனுஷன் நல்லா இடிப்பான்" என்றான். உண்மைதான். அந்த இடி இடித்தார்கள்.

ரொட்டிக்காரி தணலை வாரி ஒதுக்கிவிட்டு முதல் ஈடு உள்ளே தள்ளினாள். அடுப்பின் அடி ஈரமாக இருந்தாலும் கூரை நல்ல சூடு. கதவுத் தகரத்தைச் சாத்தி ஈரத்துணியால் சுற்றிலும் அடைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசனை கிளம்பி, சரிவில் ஏறி, மண்வெட்டி பிடித்தவர்களின் மூக்கில் நுழைந்தது. "ஏய் ரொட்டி, கொல்லாதே!" என்று அங்கிருந்து ஒருவன் கத்தினான். தகரத்தை எடுத்தாள். மேலெல்லாம் செம்பழுப்பாக உப்பி, தட்டினால் டொக்கென்றது. தகர டப்பாவில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். சுட்டது. நல்ல ரொட்டி. இவ்வளவு நல்ல ரொட்டியாக வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அடுத்த ஈடைத் தள்ளினாள்.

கொத்தனார் ஒரு தடவை வந்து நின்றார். அவள் நிமிரவில்லை.

"செங்கல்லு உடையாம எடுத்தா மறுபடி கட்டிக்கலாம்."

"சூட்டோட எடுத்தா எப்படி உடையாம வரும்?"

"வராது" என்றார். ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சாலை விஷயத்தில் மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

கடைசி ஈடு உள்ளே இருக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. சொட்டு என்றால் சொட்டு இல்லை, கூழாங்கல் மாதிரி. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கொத்தனார் ஓடி வந்தார். "முடிஞ்சுது! ரெண்டு பக்கமும் முடிஞ்சுது! நீ எடு!"

"இன்னும் வேகலை!"

"அக்கா! தண்ணி இறங்குது!"

"இருடா! வெள்ளையா இருக்கு!"

இரண்டு ஊரும் மழையில் நின்று அடுப்பு வாயையே பார்த்தது. குழாய் வாயில் முதல் தண்ணீர் எட்டிப் பார்த்து, ஒரு கை நீளம் ஓடி, நின்று, பெருகியது. அவள் தகரத்தைத் தட்டிவிட்டு, பலகைக் கரண்டியால் வாரி வாரி வெளியே தள்ளினாள். கூடை பிடிக்க நாலு கை, முந்தானை விரிக்க நாலு கை. கடைசி ரொட்டி வெளியே வந்ததும் கடப்பாரையை எடுத்து, கால் ஊன்றி, அடுப்பின் தலையில் ஒரே குத்து.

கூரை உள்ளே விழுந்தது. பழுக்கக் காய்ந்திருந்த செங்கல் மேல் மழை பட்டு ஒரு பெரிய வெள்ளைப் புகை எழும்பி எல்லோரையும் மறைத்தது. அதற்குள் அவள் குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டாவது கடப்பாரையின் சத்தம், மூன்றாவது. யார் யார் என்று தெரியவில்லை. மண்வெட்டிகள் செங்கல்லை இழுத்துப் போட்டன. "கால்! கால்! சுடுது!" "இழுடா!" "கோட்டைப் பாத்து வெட்டு, கோட்டைப் பாத்து!" அழிந்துபோன கோட்டை எல்லோரும் தெளிவாகப் பார்த்தார்கள்.

தண்ணீர் வந்தது. சுட்ட தரையில் ஏறி, கொதித்து, கரியையும் சாம்பலையும் வாரிக்கொண்டு, ஒரு நொடி தயங்கி, சரிந்தது.

"போகுது!" என்றாள் ரேடியோ.

"போகுதா?"

"போகுது போகுது! ஓடைக்குப் போகுது!"

வயதுவந்த ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வாய்க்கால் கரையில் நின்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். சாலையின் நடுமுதுகில் மழை விழுந்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று ஒழுங்காகப் பிரிந்து இறங்கியது. பள்ளத்தில் பொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. மொட்டை சாலையில் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டான். "மாமா, மாடு எழுந்திருச்சு மாமா!" என்றான். ரொட்டிக்காரியின் புருவம் பொசுங்கியிருந்தது. முகமெல்லாம் கரி. வாயில் ரொட்டி. அழுகிறாளா என்று ரேடியோ கிட்டே வந்து பார்த்தாள். அவள் மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. கல் பாரம். இன்ஜினியரம்மா இறங்கி முன்னால் நடந்தாள். லாரி தெற்குச் சரிவில் உறுமிக்கொண்டு இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, வடக்குச் சரிவில் ஏறி, திரும்பி வந்து பள்ளத்தில் நின்றது. சக்கரம் பதிந்த இடத்தில் ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. இன்ஜினியரம்மா குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், எழுந்து "நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு ஊரும் அந்த இரண்டு சொல்லுக்கு ஆடியது.

ரொட்டிக்காரி ஒரு ரொட்டியோடு லாரிக்காரனிடம் போனாள். "அண்ணே, பஸ் வந்தா இங்கே எந்தப் பக்கமா நிறுத்துவாங்க?"

அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பள்ளத்தைப் பார்த்தான். "இங்கேயா? பள்ளத்துல எவம்மா பஸ்ஸை நிறுத்துவான்? நின்ன வண்டியை இந்த மேட்டுல எடுக்க முடியுமா? ஏறி மேல போய்த்தான் நிறுத்துவான்."

அவள் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தாள். வாய்க்காலில் கறுப்புச் செங்கல் துண்டுகள் மேல் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். என்ன என்ன என்று கேட்டார்கள். வாய்க்காலைக் கை காட்டிவிட்டு மறுபடி சிரித்தாள்.

"எந்த மேடு? வடக்கு மேடா, தெற்கு மேடா?" என்று கொத்தனார் லாரிக்காரனைக் கேட்டார்.

"வடக்குதான்! எங்க பக்கம் நல்ல நிழல்" என்றாள் ரேடியோ.

"தெற்குன்னா தெற்கு! எங்க அக்கா, எங்க ஊர்ல பொறந்தவ" என்றான் மொட்டை.

"மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் படியில் காலை வைத்தாள். "அண்ணே, கதவைத் திறங்க. ரெண்டு மேட்டுக்கும் ஒரு நடை ஓட்டுங்க. நீங்க எங்கே நிறுத்துவீங்களோ அங்கே நிறுத்திக் காட்டுங்க, நான் இறங்கி அடுப்புக்கு அடையாளம் வெக்கறேன்."

லாரி கிளம்பியது. கொத்தனார் கயிற்றுச் சுருளையும் சுண்ணாம்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ஏய்! இரு! வாய்க்கால் கோடு எங்கே போகுதுன்னு பாத்துட்டு வைடி!"